சர்வரிலேயே மெயிலைப் பார்த்து அழிக்க எடை குறைந்த நிரல் எது?

#1 தாழைமடல்

பழைய மடிக்கணினி. 32 பிட் செயலி, 2 ஜிபி ரேம், டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஇ. மெயில் கணக்கு சொந்த டொமைனில் இருக்கிறது: சிபேனல் (வலைவழி நிர்வாகப் பக்கம்) உள்ள ஹோஸ்டிங், பெட்டிக்கு ஒதுக்கீடு 1 ஜிபி. இப்போது 97 விழுக்காடு நிரம்பிவிட்டது. அனுப்புகிறவர்களுக்கு மெயில் திரும்பிப் போகத் தொடங்கியிருக்கிறது.

வேண்டியது இவ்வளவுதான். சர்வரில் என்னென்ன மெயில் இருக்கிறது என்று அனுப்பியவர், பொருள், தேதி, அளவு மட்டும் பட்டியலாகத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் கணினிக்கு இறக்கக் கூடாது, மொபைல் டேட்டாவில்தான் ஓடுகிறது. பட்டியலில் பார்த்தே பெரியவற்றை அழிக்க வேண்டும். தண்டர்பேர்ட் போட்டுப் பார்த்தால் கணினி நின்றுவிடுகிறது. எது சரியாக இருக்கும்?

#2 கருவேலன்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். "எடை குறைவு" என்று தேடினால் எல்லோரும் ரேம் கணக்கைத்தான் சொல்வார்கள். உங்களுக்கு அதைவிட முக்கியம், நிரல் சர்வரிடம் எவ்வளவு கேட்டு வாங்குகிறது என்பது. 30 எம்பி ரேமில் ஓடும் நிரல்கூட, ஒரு மெயிலைத் தொட்டதும் அதன் 20 எம்பி இணைப்பையும் சேர்த்து இறக்கினால் உங்களுக்கு அது கனமான நிரல்தான்.

சிபேனலில் ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துக் கையாளும் நெறிமுறை) இருக்கும். பின்னால் ஓடும் மெயில் சர்வர் நிரல் பெரும்பாலும் டவ்காட்தான். ஐமேப் நெறிமுறையிலேயே நீங்கள் கேட்பது எல்லாம் உண்டு: தலைப்பை மட்டும் கேட்கலாம், அளவை மட்டும் கேட்கலாம், "5 எம்பிக்கு மேல் இருப்பவை எவை" என்று சர்வரையே தேடச் சொல்லலாம், ஒரு மெயிலின் எழுத்துப் பகுதியை மட்டும் வாங்கி இணைப்பை விட்டுவிடலாம். கேள்வி, எந்த நிரல் அப்படிக் கேட்கிறது என்பதுதான். போர்ட் 993, டிஎல்எஸ் (மறையாக்கம்). பாப்3 (மெயிலை இறக்கிக்கொள்வதற்கான பழைய நெறிமுறை) பக்கம் போகவே வேண்டாம்.

தண்டர்பேர்ட் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஐமேப் கணக்கு சேர்த்ததும் "இந்தக் கணினியில் மெயில்களை வைத்திரு" என்பது தானாகவே இயங்கும், அதாவது முழுப் பெட்டியும் இறங்கும். கூடவே தேடல் அட்டவணை கட்டும் வேலையும் ஓடும். கணக்கு அமைப்பில் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பக்கத்தில் முதல் டிக்கை எடுத்துவிட்டு, பொது அமைப்பில் 'குளோபல் சர்ச்' டிக்கையும் எடுத்தால் தண்டர்பேர்டே பாதி அடங்கிவிடும். ஆனாலும் 2 ஜிபியில் அது சில நூறு எம்பியை விழுங்கிக்கொண்டுதான் இருக்கும்.

#3 மணல்வீடு

ஏங்க, இதுக்கு எதுக்கு நிரலு? சிபேனல்ல ரவுண்ட்கியூப்னு வெப்மெயில் இருக்கும்ல? உள்ள போய் பட்டியலை அளவுப்படி வரிசைப்படுத்துங்க, பெருசெல்லாம் மேல வந்துரும். டிக் போடுங்க, அழிங்க. பிரவுசர் ஒரு டேப் போதும்.

#4 தாழைமடல்

அதையும் பார்த்தேன் அண்ணே. அழி என்றதும் "குப்பைக்கு நகர்த்த முடியவில்லை, ஒதுக்கீடு தாண்டுகிறது" என்று பிழை வருகிறது. அழிப்பதற்கே இடம் இல்லை என்றால் எப்படி?

#5 கருவேலன்

இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

ஐமேப்பில் அழிப்பது ஒரே வேலை இல்லை, இரண்டு. முதலில் மெயிலின் மேல் "அழிக்கப்பட்டது" என்று ஒரு கொடி குத்தப்படும். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. பிறகு 'எக்ஸ்பஞ்ச்' என்ற கட்டளை போனால்தான் உண்மையில் நீங்கும். இதற்கு மேல் குப்பைத் தொட்டி என்பது நிரல்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்ட வசதி. பல நிரல்கள் அதைச் செய்யும் முறை: குப்பை ஃபோல்டருக்கு ஒரு நகல் எடு, பழையதில் கொடி குத்து, எக்ஸ்பஞ்ச் செய். நகல் எடுக்கிற அந்த நொடியில் மெயில் இரண்டு படியாக இருக்கும். 97 விழுக்காடு நிரம்பிய 1 ஜிபி பெட்டியில் மிச்சம் 30 எம்பி சொச்சம். பத்து பெரிய மெயிலைச் சேர்த்துத் தேர்ந்து குப்பைக்கு அனுப்பினால் சர்வர் 'ஓவர்கோட்டா' என்று மறுத்துவிடும்.

வழி: குப்பையைத் தவிர்த்து நேராக அழிப்பது. ரவுண்ட்கியூபில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டெலீட் அழுத்தினால் குப்பைக்குப் போகாமல் நேரே போகும். அதற்கு முன் குப்பை, ஸ்பேம் இரண்டு ஃபோல்டரையும் முழுதாகக் காலி செய்யுங்கள். அதற்கு நகல் தேவையில்லை. ஒதுக்கீட்டுக் கணக்கில் குப்பையும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

#6 செம்பருத்தி

ரவுண்ட்கியூபில் இன்னொரு பொறி உண்டு. அமைப்பில் 'சர்வர் செட்டிங்ஸ்' பகுதியில் "அழிக்காமல் கொடி மட்டும் குத்து" என்று ஒன்று, "அழித்தவற்றைக் காட்டாதே" என்று இன்னொன்று. இரண்டும் டிக்காகி இருந்தால் மெயில் கண்ணில் படாது, இடம் மட்டும் குறையாது. ஆயிரம் மெயிலை அழித்தும் பட்டை நகரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஃபோல்டர் மெனுவில் 'காம்பாக்ட்' கொடுத்தால் எக்ஸ்பஞ்ச் போகும்.

அடுத்தது சந்தா. ஐமேப்பில் ஃபோல்டருக்குச் சந்தா செய்திருந்தால்தான் பல நிரல்கள் அதைக் காட்டும். முன்பு எப்போதோ ஒரு போன் செயலி உண்டாக்கிய 'டெலீட்டட் மெசேஜஸ்', 'சென்ட் ஐட்டம்ஸ்' போன்றவை சந்தா இல்லாமல் மறைந்து கிடந்து இடத்தைத் தின்றுகொண்டிருக்கும். ரவுண்ட்கியூப் அமைப்பில் 'ஃபோல்டர்ஸ்' பட்டியலைத் திறந்தால் எல்லாமே தெரியும்.

#7 கருவேலன்

செம்பருத்தி சொன்னது சரி. முதல் சுத்தத்தை ரவுண்ட்கியூபில் முடித்துக்கொண்டு, அன்றாடத்துக்கு ஒரு நிரல் வைத்துக்கொள்ளலாம். உங்கள் தேவைக்கு நான் ஆல்பைன் என்றுதான் சொல்வேன். டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் என்ற டெர்மினல் மெயில் நிரலுடைய வாரிசு. ஐமேப்பை உருவாக்கிய மார்க் கிறிஸ்பின் அங்கேதான் அதன் அடிப்படை நூலகத்தையும் எழுதினார். அதனால் ஐமேப்பை அது பேசும் விதமே தனி. இப்போது எட்வர்டோ சாப்பா பராமரிக்கிறார்.

ஏன் ஆல்பைன்? ஃபோல்டரைத் திறந்ததும் திரையில் தெரிகிற வரிகளுக்கும் அதற்கு அடுத்த சில வரிகளுக்கும் மட்டும் தலைப்பு விவரம் கேட்கும். 12,000 மெயில் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மெயிலைத் திறந்தால் எழுத்துப் பகுதியை மட்டும் வாங்கும். இணைப்பு, நீங்கள் வி அழுத்தி அதைத் தேர்ந்தால் மட்டுமே இறங்கும். அழிப்பது அப்பட்டமாக ஐமேப் முறை: டி என்றால் கொடி, எக்ஸ் என்றால் எக்ஸ்பஞ்ச். நகல் என்பதே இல்லை, ஆகவே பெட்டி நிரம்பி வழிந்தாலும் அழிக்க முடியும்.

அமைப்பது இப்படி. கட்டளைகளை ஒலிபெயர்த்தே எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முகப்பில் எஸ், பிறகு சி. 'இன்பாக்ஸ் பாத்' வரியில் சி அழுத்தினால் சர்வர் பெயர் கேட்கும். அங்கே மெயில்.உதாரணம்.இன் என்று போட்டு, இடைவெளி இல்லாமல் சாய்கோடு எஸ்எஸ்எல், சாய்கோடு யூசர், சமக்குறி, உங்கள் முழு மெயில் முகவரி. சிபேனலில் பயனர்பெயர் முழு முகவரிதான், அட் குறிக்கு முன்னால் உள்ள பகுதி மட்டும் போட்டால் உள்ளே விடாது. முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துவிடுங்கள். அடுத்து ஃபோல்டர் பெயர் கேட்கும், இன்பாக்ஸ் என்று கொடுங்கள். மற்ற ஃபோல்டர்களுக்கு எஸ், எல், ஏ என்று போய் அதே சர்வர் வரியைச் சேர்க்க வேண்டும்.

சான்றிதழ் பிழை வந்தால் 'நோவேலிடேட்' போட்டுத் தாண்டச் சொல்லி எங்காவது எழுதியிருப்பார்கள். செய்யாதீர்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் சான்றிதழ் உங்கள் டொமைன் பெயரில் இல்லாமல் ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வர் பெயரில் இருக்கலாம். சிபேனலின் 'கனெக்ட் டிவைசஸ்' பக்கத்தில் கொடுத்திருக்கும் சர்வர் பெயரைப் போட்டால் பிழை போய்விடும்.

பெரியவற்றைப் பிடிக்க: பட்டியலில் நின்று டாலர் குறி, பிறகு இசட். அளவுப்படி வரிசையாகும். மறுபடி டாலர், ஆர் கொடுத்தால் பெரியது மேலே. வரிசைப்படுத்துவது சர்வரிலேயே நடக்கும், டவ்காட்டுக்கு அது தெரியும். மொத்தமாகத் தேர அரைப்புள்ளி விசை, பிறகு இசட், அளவாக 5எம். தேர்ந்தவை மட்டும் தெரிய இசட். கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, வேண்டியதைக் கோலன் விசையால் தேர்விலிருந்து நீக்கி, ஏ அழுத்தி டி. கடைசியாக எக்ஸ். எக்ஸ் அழுத்தும் வரை எதுவும் போகாது, யூ அழுத்தி மீட்கலாம். எக்ஸுக்குப் பிறகு மீட்பு கிடையாது, குப்பைத் தொட்டி இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

குறை ஒன்று: ஆல்பைன் எதையும் வட்டில் சேமித்து வைக்காது. ஒவ்வொரு முறையும் தலைப்புகளைப் புதிதாகத்தான் கேட்கும். இணைப்பு அறுந்தால் கையில் ஒன்றும் இருக்காது.

#8 நாகலிங்கம்_பூ

ஆல்பைன் நல்லதுதான், ஆனால் மௌஸ் பழகியவரைக் கறுப்புத் திரைக்குள் தள்ளுவது நியாயமா? கிளாஸ் மெயில் போதும். ஜிடிகே (சாளர வரைகலை) நிரல், பழைய கணினியிலும் ஓடும், தலைப்புகளைச் சேமித்து வைக்கும், அளவு நெடுவரிசை உண்டு.

மூன்று அமைப்பு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று, வியூ மெனுவில் 'ஷோ ஆர் ஹைட்' போய் மெசேஜ் பலகத்தை மூடுங்கள். திறந்திருந்தால் பட்டியலில் ஒரு சொடுக்குக்கே அந்த மெயில் முழுதாக, இணைப்போடு, இறங்கிவிடும். கருவேலன் சொன்ன குற்றச்சாட்டு இந்த இடத்தில் உண்மைதான். இரண்டு, அழிக்கும்போது மெசேஜ் மெனுவில் 'மூவ் டு ட்ராஷ்' வேண்டாம், 'டெலீட்' கொடுங்கள். மூன்று, 'நகர்த்தும்போதும் அழிக்கும்போதும் உடனே செயல்படுத்து' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அப்போது நீங்கள் குறித்தவை குறித்தபடியே நிற்கும், டூல்ஸ் மெனுவில் 'எக்ஸிக்யூட்' கொடுத்தால்தான் போகும். கை தவறினால் காப்பாற்றும்.

விரைவுத் தேடலில் 'எக்ஸ்டெண்டட்' வகையைத் தேர்ந்து, பெரிய எஸ், சின்ன ஜி, இடைவெளி, 5000000 என்று தட்டினால் 5 எம்பிக்கு மேற்பட்டவை மட்டும் நிற்கும். ஏஜி இடைவெளி 365 என்றால் ஓராண்டுக்கு முந்தியவை. இரண்டுக்கும் நடுவில் ஆம்பர்சேண்ட் போட்டு இணைக்கலாம். எஸ் எழுத்தைச் சின்னதாகப் போட்டால் அது அளவை விட்டு மெயிலின் மதிப்பெண்ணை (ஸ்கோர்) வைத்துத் தேடும், பட்டியல் வெறுமையாக வரும்.

#9 மணல்வீடு

டெர்மினல்ல ஓடுற மட் பத்தி யாரும் பேசலையே? நியோமட்டும் இருக்கு. பெரிய டி தட்டி, அலைக்குறி சின்ன இசட், இடைவெளி, பெரிதுக்குறி 5எம் போட்டா 5 எம்பிக்கு மேல இருக்குறதெல்லாம் ஒரே அடியா கொடி விழும். கூடவே அலைக்குறி சின்ன டி, பெரிதுக்குறி 1ஒய் சேர்த்தா ஒரு வருசத்துக்குப் பழசு மட்டும். டாலர் அழுத்தினா எக்ஸ்பஞ்ச். நாலு வரி அமைப்புக் கோப்பு, அம்புட்டுதான்.

இன்னொன்னு இதுல மட்டும்தான் சுளுவு: மெயில் வேணும், இணைப்பு மட்டும் வேண்டாம்னா வி அழுத்தி இணைப்புப் பட்டியல்ல டி போட்டு டாலர் அழுத்துங்க. எழுத்து தங்கும், இணைப்பு போயிரும்.

#10 கருவேலன்

மட் கெட்டிக்கார நிரல், மறுக்கவில்லை. ஆனால் இவர் கேட்டதற்கு இரண்டு இடத்தில் இடிக்கும்.

ஒன்று, மட் ஒரு மெயிலைத் திறந்தால் முழு மெயிலையும் இறக்கித்தான் காட்டும், பகுதி பகுதியாகக் கேட்காது. பட்டியலில் வைத்தே அழித்தால் பிரச்சினை இல்லை. "இது என்ன மெயில்" என்று 18 எம்பி மெயிலைத் திறந்து பார்த்தால் 18 எம்பியும் போச்சு. அதோடு ஃபோல்டரைத் திறந்ததும் எல்லா மெயிலுக்கும் தலைப்பு வரிகளை வாங்கும். ஹெடர் கேஷ் அமைப்பு வரியைப் போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் 12,000 தலைப்பும் புதிதாக இறங்கும். அந்த வரி கட்டாயம்.

இரண்டு, இணைப்பை மட்டும் நீக்குவது. ஐமேப்பில் சர்வரில் கிடக்கும் மெயிலைத் திருத்த முடியாது. மெயில் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டால் கொடிகள் மட்டுமே மாறும். ஆகவே மட் செய்வது என்னவென்றால், முழு மெயிலையும் இறக்கி, இணைப்பை வெட்டி, மீதியைப் புதிய மெயிலாக ஏற்றி, பழையதை அழிப்பது. எந்த நிரல் "இணைப்பை நீக்கு" என்றாலும் அடியில் இதேதான். 10 எம்பி இணைப்பை நீக்க 10 எம்பி டேட்டா செலவு. நடுவில் இணையத் தொடர்பு அறுந்தால் சில நேரம் இரண்டு பிரதியும் தங்கிவிடும்.

#11 செம்பருத்தி

அளவு பற்றி ஒரு வரி. மெயிலில் இணைப்பு பேஸ்64 என்ற வடிவில்தான் போகும். மூன்று பைட் நான்காகும், வரி முறிவும் சேர்ந்து ஏறத்தாழ 37 விழுக்காடு கூடும். 7.3 எம்பி கோப்பு சர்வரில் 10 எம்பி இடம் பிடிக்கும். பட்டியலில் காட்டும் அளவு இந்தப் பெருத்த அளவுதான். "5 எம்பிக்கு மேல்" என்று தேடும்போது 4 எம்பி பிடிஎஃப்பும் அதில் சிக்கும்.

#12 பனந்தோப்பு

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கணக்கில் சேவை தருகிறவர் பாப்3 மட்டும்தான் கொடுத்திருக்கிறார், ஐமேப் இல்லை. வெப்மெயிலும் இல்லை. அதில் சர்வரிலேயே பார்த்து அழிக்க முடியுமா?

#13 கருவேலன்

முடியும், ஆனால் பாப்3 ஒரு குறுகிய சந்து. ஃபோல்டர் கிடையாது, தேடல் கிடையாது. லிஸ்ட் கட்டளை எண்ணும் அளவும் தரும். டாப் கட்டளை தலைப்பையும் முதல் சில வரிகளையும் தரும். டெலி அழிக்கும். டாப் கட்டாயமான கட்டளை இல்லை என்றாலும் அது இல்லாத சர்வரைப் பார்ப்பது அரிது.

லினக்ஸிலும் விண்டோஸிலும் சில்பீட் நிரலில் 'ரிமோட் மெயில்பாக்ஸ்' என்று ஒரு சாளரம் உண்டு. சர்வரில் உள்ளவற்றின் தலைப்பும் அளவும் வரும், வேண்டியதை இறக்கலாம், வேண்டாததை அங்கேயே அழிக்கலாம். விண்டோஸ் மட்டும் என்றால் என்பாப்யூகே, பாப் பீப்பர், மெயில்வாஷர் ஆகியவை இதே வேலைக்காகவே உள்ளவை. மிகப் பழைய பதிப்பை எங்காவது தோண்டி எடுத்து வைக்காதீர்கள். புதிய டிஎல்எஸ் தெரியாத நிரலுக்கு இன்றைய சர்வர் கதவைத் திறக்காது. பிழைச் செய்தியோ "கடவுச்சொல் தவறு" என்கிற தொனியில் வந்து குழப்பும்.

நிரலே இல்லாமல் ஓபன்எஸ்எஸ்எல் கருவியின் எஸ்_கிளையண்ட் கட்டளையாலும் 995 போர்ட்டில் நேரே பேசலாம். இதில் ஒரு அருமையான பொறி இருக்கிறது. வரியின் முதல் எழுத்து பெரிய ஆர் என்றால் அந்தக் கருவி அதைத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொள்ளும், பெரிய கியூ என்றால் இணைப்பையே வெட்டிவிடும். நீங்கள் பெரிய எழுத்தில் குவிட் என்று தட்டினால் அது சர்வருக்குப் போய்ச் சேரவே சேராது. பாப்3 விதிப்படி டெலி செய்தவை குவிட் வந்த பிறகுதான் உண்மையில் அழியும், குவிட் வராமல் இணைப்பு அறுந்தால் எல்லாம் பழையபடி. நாற்பது மெயிலை அழித்துவிட்டு மறுபடி உள்ளே போனால் நாற்பதும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்! எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் தட்டுங்கள், அல்லது 'கொயட்' விருப்பத்தைச் சேர்த்துத் திறங்கள். 'சிஆர்எல்எஃப்' விருப்பமும் சேர்ப்பது நல்லது, பாப்3 வரி முடிவை அப்படித்தான் எதிர்பார்க்கிறது.

மெயில் எண்கள் ஒரு அமர்வுக்குள் மாறாது. 14ஐ அழித்தாலும் 15 என்பது 15தான். அடுத்த அமர்வில் எண்கள் புதிதாகும், ஆகவே பழைய பட்டியலைத் தாளில் எழுதி வைத்து மறுநாள் அழிக்காதீர்கள். இன்னொரு கருவி அதே நேரம் பாப்3இல் உள்ளே இருந்தால் பெட்டி பூட்டியிருக்கும், 'இன்யூஸ்' என்று பதில் வரும்.

#14 நாகலிங்கம்_பூ

ஐமேப்பில் எண்கள் நேர்மாறு. எக்ஸ்பஞ்ச் ஆனதும் பின்னால் உள்ளவை ஒவ்வொன்றும் ஒரு எண் கீழே இறங்கும். கையால் கட்டளை தட்டுகிறவர்கள் யூஐடி (மெயிலுக்குரிய மாறாத தனி எண்) வைத்தே பேச வேண்டும். இல்லாவிட்டால் 14ஐ அழித்ததும் அடுத்து 15 என்று தட்டும்போது போவது பழைய 16.

#15 பனந்தோப்பு

சில்பீடில் கிடைத்தது, நன்றி. இன்னொரு கணக்கு ஜிமெயில். அதில் ஆல்பைனால் அழித்தேன், இன்பாக்ஸில் இல்லை. ஆனால் சேமிப்பு அளவு ஒரு எம்பிகூடக் குறையவில்லை.

#16 செம்பருத்தி

ஜிமெயிலில் ஃபோல்டர் என்பது ஃபோல்டர் இல்லை, லேபிள். இன்பாக்ஸிலிருந்து எக்ஸ்பஞ்ச் செய்தால் இன்பாக்ஸ் என்ற லேபிள்தான் கழன்று விழும். மெயில் 'ஆல் மெயில்' உள்ளே பத்திரமாக இருக்கும். இரண்டு வழி. ஒன்று, வேண்டாததை ஜிமெயிலின் குப்பை ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அங்கே 30 நாளில் தானாகப் போகும், அங்கேயே எக்ஸ்பஞ்ச் செய்தால் உடனே போகும். இன்னொன்று, வலைப் பக்க அமைப்பில் 'ஃபார்வர்டிங் அண்ட் பாப்/ஐமேப்' தாவலில் 'ஆட்டோ எக்ஸ்பஞ்ச்' விருப்பத்தை அணைத்தால் கீழே மூன்று தேர்வு உயிர்பெறும்: ஆவணப்படுத்து, குப்பைக்கு அனுப்பு, நிரந்தரமாக அழி. நடுவில் உள்ளதைத் தேர்வது நல்லது.

மற்றபடி ஜிமெயிலின் 15 ஜிபி என்பது டிரைவ், ஃபோட்டோஸ் எல்லாவற்றுக்கும் பொது. மெயிலை எவ்வளவு துடைத்தாலும் படங்கள் அடைத்திருந்தால் பயனில்லை.

உள்ளே நுழைய வழக்கமான கடவுச்சொல் செல்லாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும், அல்லது நிரலுக்கு ஓஆத் (கடவுச்சொல்லை நிரலிடம் கொடுக்காமல் அனுமதி தரும் முறை) தெரிந்திருக்க வேண்டும். அவுட்லுக்.காம் கணக்குக்கு ஆப் பாஸ்வேர்டும் கிடையாது. 2024 செப்டம்பர் 16 முதல் ஓஆத் மட்டும்தான். பழைய சின்ன நிரல்கள் பல இந்த இடத்தில்தான் செத்தன, ரேமால் இல்லை.

#17 மணல்வீடு

மாசாமாசம் இதே வேலையா உட்காந்து அழிக்கணுமா? ஐமேப்ஃபில்டர் போட்டு விடுங்க. லுவா மொழியில பத்து வரி. கணக்கு விவரம் சொல்லி, இன்பாக்ஸ்ல 'ஈஸ்_லார்ஜர்' 5000000, நட்சத்திரக்குறி, 'ஈஸ்_ஓல்டர்' 365. நட்சத்திரம்னா "இதுவும் அதுவும்", கூட்டல்னா "இதுவோ அதுவோ", கழித்தல்னா "அது தவிர". கடைசியில கழித்தல் 'ஈஸ்_ஃப்ளாக்டு' சேர்த்துருங்க. நட்சத்திரம் குத்தி வச்ச மெயிலு தப்பிக்கும். தேடுறது எல்லாம் சர்வர்லயே நடக்குது, கணினிக்கு எண்கள் மட்டும்தான் வருது.

மொதல் தடவை 'கழித்தல்குறி, ஆங்கில என் எழுத்து' விருப்பத்தோட ஓட்டுங்க, அது ஒத்திகை, எதையும் அழிக்காது. கடவுச்சொல்லு இருக்குற அந்தக் கோப்புக்கு அனுமதி 600 வச்சுருங்க, மறந்துராதீங்க.

#18 கருவேலன்

தானியங்கி அழிப்புக்கு முன் ஒரு காப்பு அவசியம். ஐசிங்க் தொகுப்பில் உள்ள எம்பிசிங்க் போதும். 'சிங்க் புல்', 'எக்ஸ்பஞ்ச் நன்' என்று இரண்டு வரி இருந்தால் சர்வரிலிருந்து கணினிக்கு மட்டும் வரும், சர்வரில் அழிந்தது கணினியில் அழியாது. எக்ஸ்பஞ்ச் வரியை 'போத்' என்று யாரோ கொடுத்த மாதிரிக் கோப்பிலிருந்து அப்படியே ஒட்டினால் காப்பும் சேர்ந்து போய்விடும். 1 ஜிபி இறக்க வேண்டும் என்பதால் ஏதாவது வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அடுத்த முறை புதியவை மட்டும்தான் வரும்.

#19 தாழைமடல்

ஆல்பைன் ஓடுகிறது. குப்பை, ஸ்பேம், சந்தா இல்லாமல் கிடந்த ஒரு 'சென்ட் ஐட்டம்ஸ்' மூன்றையும் துடைத்ததுமே 61 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. 5 எம்பிக்கு மேற்பட்டவற்றில் வேண்டாததை அழித்த பிறகு 38. இரண்டு கேள்வி மிச்சம். தமிழ்ப் பொருள் வரிகள் டெர்மினலில் சிதறித் தெரிகின்றன, கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றன. கைபேசியிலும் இதே கணக்கு இருக்கிறது, அதில் ஏதும் மாற்ற வேண்டுமா?

#20 நாகலிங்கம்_பூ

டெர்மினல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்கும் சாதனம். "கொ" என்பது யூனிகோடில் க, ஒகரக் குறி என இரண்டு. அந்தக் குறி க-வுக்கு இரண்டு பக்கமும் உட்கார வேண்டும். கட்டத்துக்குள் அதை அடைக்கத் தெரியாத டெர்மினலில் சிதறத்தான் செய்யும். எக்ஸ்டெர்ம் சரிவராது. எம்எல்டெர்ம் இந்திய எழுத்துகளுக்காகவும் வேலை செய்த டெர்மினல், டெபியனில் இருக்கிறது, அதில் ஆல்பைனைத் திறந்து பாருங்கள். மொழிச் சூழல் யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். அப்போதும் நெடுவரிசை ஓரிரு கட்டம் நகர்ந்துதான் நிற்கும், படிக்க முடியும் என்ற அளவுக்குத் தேறும். தமிழ் மெயிலே அதிகம் என்றால் கிளாஸ் மெயில்தான். நான் சும்மா சொல்லவில்லை.

#21 செம்பருத்தி

கைபேசியில் எந்தச் செயலி? கே-9 அல்லது ஆண்ட்ராய்டு தண்டர்பேர்ட் என்றால் கணக்கு அமைப்பில் மூன்று இடம் பாருங்கள். எத்தனை கேபி வரை மெயிலை இறக்க வேண்டும் என்ற வரம்பு: 32 கேபி போதும், மேற்பட்டதைக் கேட்டால்தான் இறக்கும். "நான் அழித்தால்" என்பதில் 'சர்வரிலும் அழி'. "அழித்தவற்றை நீக்குவது" என்பதில் 'உடனே'. கடைசியது 'கையால்' என்று இருந்தால் கொடி குத்திய மெயில்கள் சர்வரில் சேர்ந்துகொண்டே போகும்.

ஒரே நேரத்தில் பல கருவிகள் திறந்திருந்தால் "சர்வர் இணைப்புகள் அதிகம்" என்ற பிழை வரலாம். டவ்காட்டின் இயல்பு வரம்பு ஒரு பயனர், ஒரே ஐபியிலிருந்து 10 இணைப்பு. தண்டர்பேர்ட் ஒன்றே ஐந்து வரை எடுத்துக்கொள்ளும். வீட்டு வைஃபையில் இரண்டு கணினி, ஒரு போன் என்றால் தட்டிவிடும். தண்டர்பேர்டில் அதை இரண்டாகக் குறையுங்கள்.

#22 தாழைமடல்

எம்எல்டெர்மில் படிக்க முடிகிறது. கடைசியாக ஒன்று: 8 எம்பி இணைப்போடு ஒரு மெயில் அனுப்பினேன், டேட்டா 20 எம்பிக்கு மேல் குறைந்திருக்கிறது. பேஸ்64 கணக்குப்படி 11தானே ஆக வேண்டும்?

#23 கருவேலன்

இரண்டு தடவை ஏறுகிறது. எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) வழியாக ஒரு 11 எம்பி பெறுநருக்கு. பிறகு 'சென்ட்' ஃபோல்டரில் வைக்க ஐமேப் வழியாக அதே 11 எம்பி மறுபடி. ஆல்பைன் மட்டும் இல்லை, பெரும்பாலான நிரல்கள் அப்படித்தான். பெரிய இணைப்புள்ள மெயிலை அனுப்பும்போது எழுதும் பக்கத்தில் கண்ட்ரோல் ஆர் அழுத்தி முழுத் தலைப்பையும் திறந்து, எஃப்சிசி (நகலை எந்த ஃபோல்டரில் வைப்பது என்ற) வரியைக் காலி செய்துவிடுங்கள், அந்த மெயிலுக்கு மட்டும் நகல் போகாது. ஒதுக்கீட்டிலும் 11 எம்பி மிச்சம். ஜிமெயில் கணக்கு என்றால் எஃப்சிசியை எப்போதுமே காலியாக வைக்கலாம், அதன் எஸ்எம்டிபி சர்வர் தானே ஒரு பிரதியை 'சென்ட்' ஃபோல்டரில் போட்டுவிடும்.